ஆங்கிலச் சொல் அறிவோம்: ஆப்பட்ரபேயிக்

குடிபூரலன்று வாசலில் நீற்றுப்பூசணிக்காயை உடைத்ததும் அயல்வீட்டார் "இது எதற்கு?" என்று கேட்பர். பெரியவர்கள் நாம் ஆளையாள் பார்ப்போம். பிள்ளைகளோ "ஏதோ மூடநம்பிக்கை" என்று ஆங்கிலத்தில் சொல்லி நழுவிவிடுவர். அப்படி நழுவத் தேவையில்லை. இதற்கென்றே ஆங்கிலத்தில் ஒரு பெயரடை உண்டு. கண் வரைந்த பழைய கிரேக்கக் கிண்ணங்களைப் பற்றி எழுதுவோரும் அதையே கையாளுவர். ஏ, பி, ஓ, டி, ஆர், ஓ, பி, ஏ, ஐ, சி என்று 10 எழுத்துக்கள். 'தீங்கை விலக்குகின்ற' என்பது பொருள். நம்பிக்கை சரியா பிழையா என்று அச்சொல் தீர்ப்புச் சொல்வதில்லை. நோக்கத்தை மட்டும் சொல்கிறது.

அசைகள் ஐந்து: ஆப்–அ–ட்ர–பே–இக். முதல் ஒலி 'அப்பிள்' பழத்தை ஆங்கிலேயர் சொல்லும்போது வருவது. ஓ எழுத்து இருமுறை வந்தாலும் இரண்டும் மெலிந்தே ஒலிக்கும். அமெரிக்கர் பின்னதை மட்டும் 'ட்ரோ' என்பதுண்டு. முக்கிய அழுத்தம் 'பே'யில். எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே பலத்தில் சொல்லிப் பழகிய நாம் இங்கேதான் சறுக்குகிறோம். 'பே'யை ஊன்றிச் சொல்லுங்கள், மற்றவை தாமாக அடங்கும். ஈற்றிலுள்ள ஏ, ஐ இரண்டையும் சேர்த்து 'பேக்' என்று முடிப்பதும் பிழை. நாம் 'மொசைக் தரை' என்கிறோமே, அதுவும் ஆங்கிலத்தில் மொ–சே–இக் என மூன்று அசைதான்.

இனிச் சொல் பிறந்த விதம். கிரேக்கத்தில் 'அப்போ' என்றால் அப்பால்; 'ட்ரெப்' என்பது திருப்புதலைக் குறிக்கும் வேர். அது 'ட்ரொப்' எனத் திரியும். கடகரேகை, மகரரேகைகளுக்கு ஆங்கிலத்தில் உள்ள 'ட்ரொப்பிக்' என்ற பெயரும் இவ்வேரில் வந்ததே. சூரியன் திரும்பும் எல்லைகள் அவை. ஈற்றிலுள்ள 'இக்' பெயரடை விகுதி.

பொருள்படி 'அப்போ' ஒரே துண்டு. அசைபிரிக்கும்போதோ ஆப்–அ என உடைகிறது. பிள்ளைகள் இதில் குழம்பினால் 'கண்ணேறு' என்று எழுதிக் காட்டுங்கள். உச்சரிப்பில் கண்–ணே–று; பொருளில் கண்+ஏறு. எறிதலைக் குறிக்கும் 'எறி' இங்கே 'ஏறு' என நீண்டிருப்பதையும் காட்டலாம்.

அடுத்த குடிபூரலுக்கு முன் பிள்ளைகளை இதைச் சொல்லிப் பழக்குங்கள்: "திஸ் இஸ் அன் ஆப்பட்ரபேயிக் ரிச்சுவல்." கைக்குழந்தையின் கன்னத்தில் வைக்கும் கறுப்புப் பொட்டுக்கும் இதே பெயரடை பொருந்தும்.