டிஎல்எல் காணவில்லை என்கிறதா விண்டோஸ்?

மென்பொருளைத் திறந்ததும் 'எம்எஸ்விசிபி140.டிஎல்எல் இல்லை' என்ற பெட்டி வருகிறது. அந்தப் பெயரை இணையத்தில் தேடி, கிடைத்த கோப்பை இறக்கி சிஸ்டம்32 ஃபோல்டரில் போடுவது பலரின் வழக்கம். அதை மட்டும் செய்யாதீர்கள். கோப்போடு வைரஸும் வரலாம், பதிப்பும் பொருந்தாமல் போகலாம். போதாக்குறைக்கு, 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32-இல் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் இருப்பது சிஸ்வாவ்64-இல். மாற்றிப் போட்டால் 7பி என்று முடியும் இன்னொரு பிழை முளைக்கும்.

டிஎல்எல் என்பது பல மென்பொருள்கள் பொதுவில் பயன்படுத்தும் நிரல் கோப்பு. விண்டோஸ், மைக்ரோசாஃப்ட்டின் துணைத் தொகுப்பு, அந்த மென்பொருள் என மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் அதன் சொந்தக்காரர். யாருடையதோ, அவரிடமே திரும்பக் கேட்க வேண்டும்.

1. கோப்பின் பெயரை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொண்டு, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பல மென்பொருள்களிலும் பிழை வந்து, கோப்பு 3-ஆம் படியில் சொன்னவற்றில் ஒன்றாக இல்லாவிட்டால் நேரே 5-ஆம் படிக்குப் போகலாம்.

2. ரீசைக்கிள் பின்னையும், விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள ப்ரொடெக்‌ஷன் ஹிஸ்டரியையும் பாருங்கள். ஆன்டிவைரஸ் கோப்பைப் பிடித்து வைத்திருக்கலாம். நம்பகமான மென்பொருளின் கோப்பு என்றால் மட்டும் மீட்டெடுங்கள்.

3. எம்எஸ்விசிபி140, விசிரன்டைம்140 ஆகியவை விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிப்யூட்டபிள் தொகுப்பைச் சேர்ந்தவை. மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். 64 பிட் கணினியானாலும் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் நிறுவுங்கள். 32 பிட் மென்பொருளுக்கு எக்ஸ்86 தேவை. பழைய கேம்கள் கேட்கும் டி3டிஎக்ஸ்9_43 கோப்பு, 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் தொகுப்பில் இருக்கிறது. டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது. இந்தக் கோப்பு அதனுடன் வருவதில்லை.

4. பெயர் இந்த வகையில் சேரவில்லையா? மென்பொருளை நீக்கிவிட்டு, அதைத் தயாரித்தவரின் தளத்திலிருந்து இறக்கி மறுபடி நிறுவுங்கள்.

5. விண்டோஸின் சொந்தக் கோப்பு என்றால், கமாண்ட் ப்ராம்ப்டை ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துத் திறவுங்கள். இணைய இணைப்பு இருக்கட்டும். கீழுள்ளதை ஆங்கில எழுத்தில், ஒவ்வொரு சாய்கோட்டுக்கு முன்னும் ஓர் இடம் விட்டுத் தட்டுங்கள்:

டிஐஎஸ்எம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்

பழுதுபார்க்க எடுக்கும் மூலப் பிரதியை இது முதலில் சரிசெய்யும். சதவீதம் ஒரே இடத்தில் நின்றாலும் மூடாதீர்கள். முடிந்ததும் அடுத்தது:

எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்

கெட்டுப்போன சிஸ்டம் கோப்புகளைக் கண்டுபிடித்து, அந்தப் பிரதியிலிருந்து மாற்றி வைப்பது இதன் வேலை.

6. முடிவைப் படியுங்கள். எல்லாம் சரிசெய்யப்பட்டது என்றால் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்றால் இரண்டு கட்டளைகளையும் மறுபடி ஓட்டுங்கள். எந்தக் கோப்பு அடம்பிடிக்கிறது என்பது விண்டோஸ் ஃபோல்டருக்குள் லாக்ஸ், அதற்குள் சிபிஎஸ் என்ற ஃபோல்டரில் உள்ள சிபிஎஸ்.லாக் கோப்பில் பதிவாகியிருக்கும்.

7. சரிசெய்த கோப்பு திரும்பத் திரும்பக் கெட்டால், சந்தேகம் ஹார்டு டிஸ்க் மீது திரும்ப வேண்டும். முக்கியமான ஆவணங்களை வேறிடத்தில் பிரதி எடுத்த பிறகே டிஸ்க்கைச் சோதியுங்கள். டிஸ்க் நன்றாக இருந்தால் சிஸ்டம் ரீஸ்டோர் மூலம் பழைய நிலைக்குத் திரும்பிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், உங்கள் கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொண்டே விண்டோஸை மறுபடி நிறுவும் வசதி இருக்கிறது; எல்லாவற்றையும் அழித்து ஃபார்மேட் செய்வது அதன் பிறகுதான்.