கடிதம் வருவதற்கு முன்பே

கேள்வி: ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ எங்களுக்குப் பாடம். போலிக் கடிதங்களால் ஏமாற்றித்தான் புரூட்டஸைக் காசியஸ் சதியில் சேர்த்தான் என்று தேர்வில் எழுதினேன். ‘பாதிதான் சரி’ என்று ஓரத்தில் எழுதிவிட்டார் பேராசிரியர். மீதிப் பாதி என்ன? ஆண்டனி செய்வதும் அதே ஏமாற்றுத்தானா?
– ஒரு கல்லூரி மாணவி

பதில்: நான் உங்கள் பேராசிரியர் கட்சி. இரண்டாம் அங்கம், முதல் காட்சியில் எது முன், எது பின் என்று மட்டும் பாருங்கள். தூக்கம் வராமல் தோட்டத்தில் நிற்கும் புரூட்டஸ், சீசர் சாகத்தான் வேண்டும் என்ற முடிவோடுதான் பேசவே தொடங்குகிறான். சிறுவன் லூசியஸ் ஜன்னலோரத்தில் கிடந்த கடிதத்தை எடுத்து வருவது அதற்கப்புறம். முடிவு முதலில் வந்துவிட்டது. காரணத்தை இப்போதுதான் தேடுகிறான். சீசர் இதுவரை நிதானம் இழந்ததாகத் தெரியவில்லை என்று அவனே ஒப்புக்கொள்கிறான். ஆனால் முடி சூடினால் மாறிவிடலாமே? எனவே பாம்பை முட்டையிலேயே நசுக்கிவிட வேண்டும்! செய்யாத குற்றத்துக்கு முன்கூட்டியே தண்டனை. வந்த கடிதமும் அரைகுறை வாக்கியங்கள்தான். விட்ட இடங்களை அவனே இட்டு நிரப்பிப் படித்துக்கொள்கிறான். காசியஸ் போட்டது கோடு, ரோடு போட்டது புரூட்டஸ்.

அதற்காகக் காசியஸை விட்டுவிடவும் முடியாது. புளூட்டார்க் எழுதிய வரலாற்றில் புரூட்டஸை உசுப்பும் வாசகங்கள் ஊரார் பலரிடமிருந்து வருகின்றன. அவற்றை வெவ்வேறு கையெழுத்தில் காசியஸே தயாரித்ததாக மாற்றியவர் ஷேக்ஸ்பியர். டைபர் நதியில் சீசர் மூழ்கப் பார்த்த கதையைக் காசியஸ் நேருக்கு நேர் சொல்லும்வரை அது பேச்சுச் சாமர்த்தியம். புரூட்டஸ் மறுத்துப் பேசலாம். ஒருவன் குரலை ஊரின் குரலாக்கிக் காட்டியபின் யாரிடம் போய் மறுப்பது? அங்கேதான் அது சூழ்ச்சியாகிறது.

சீசரின் நண்பன் ஆண்டனி வேறு ரகம். அவன் கையில் இருப்பவை நிஜம்: கொல்லப்பட்ட சீசரின் பிணம் நிஜம், அவர் உயில் நிஜம். கொலைக்குப் பின் கூடிய மக்கள் முன் புரூட்டஸ் உரைநடையில் நியாயங்களை அடுக்கிவிட்டு, எதிராளியிடம் மேடையைக் கொடுத்து வீட்டுக்குப் போய்விடுகிறான். (இப்படி ஓர் அரசியல்வாதியை நான் வேறெங்கும் கண்டதில்லை.) ஆண்டனி சீசரின் மேலங்கியைக் காட்டி, இது காசியஸின் கத்தி இறங்கிய இடம், இது காஸ்கா கிழித்தது, இது புரூட்டஸ் குத்தியது என்று விரல் வைக்கிறான். குத்து விழுந்தபோது அவன் அங்கே இல்லவே இல்லை! டிரபோனியஸ் அவனை நைசாக வெளியே கூட்டிப்போயிருந்தான். எந்தக் கிழிசல் யாருடையது என்று இவனுக்கு எப்படித் தெரியும்? கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. உயிலையும் படிக்க மாட்டேன், படித்தால் தாங்கமாட்டீர்கள் என்று சொல்லிச் சொல்லியே, படி என்று அவர்களைக் கத்த வைக்கிறான். உயிலில் மக்களுக்குத் தலைக்கு 75 திராக்மா, கூடவே டைபர் கரைத் தோட்டங்கள். கூட்டம் தீப்பந்தத்தோடு கிளம்புகிறது. சதிகாரன் ஒருவனின் பெயர் தனக்கும் இருந்த பாவத்துக்குக் கவிஞர் சின்னா அதன் கையில் சிக்குகிறார்.

அடுத்த தேர்வுக்கு நான்காம் அங்கத்தின் முதல் காட்சியையும் படித்துவிட்டுப் போங்கள். சிறிய காட்சி என்று பலர் தாண்டிவிடுவார்கள். யார் யாரைக் கொல்லலாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கும் ஆண்டனி, நடுவில் லெபிடஸை அனுப்பி அதே உயிலை எடுத்துவரச் சொல்கிறான். மக்களுக்குச் சேரவேண்டியதில் எதை வெட்டலாம் என்று பார்ப்பதற்கு.