நம்பிக்கைகளும் உண்மைகளும்: புது ரயில்வே மண்டலம் யாருக்கு வேலை தரும்?

ஆந்திரத்தின் பாகாலா சந்திப்பைச் சுற்றியுள்ள டீக்கடைகளிலும் கோச்சிங் சென்டர் வாசல்களிலும் சில ஆண்டுகளாக ஒரே பேச்சு. விசாகப்பட்டினத்தைத் தலைமையகமாகக் கொண்ட தென் கடலோர ரயில்வே மண்டலம் வந்துவிட்டால், குண்டக்கல் கோட்டத்தில் ஆயிரக்கணக்கில் ஆளெடுப்பார்களாம். அதுவும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே முதலிடமாம். சித்தூரில் சொல்கிறார்கள், பீலேரில் சொல்கிறார்கள், எல்லை தாண்டிக் காட்பாடியில்கூடச் சொல்கிறார்கள். அதை நம்பி, வந்த அறிவிக்கைக்கு விண்ணப்பிக்காமல் “மண்டலம் வரட்டும், பார்க்கலாம்” என்று உட்கார்ந்திருக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

இது முழுப் பொய். பாதி உண்மை என்றுகூடச் சொல்ல முடியாது.

இந்தப் பேச்சு பாகாலாவில் எளிதாக எடுபடுவதற்குக் காரணம் உண்டு. ரயிலால் வளர்ந்த ஊர் இது. கூடூர்–காட்பாடி பாதையும் தர்மாவரம் பாதையும் சந்திக்கும் இடம். 1890களில் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் வண்டிகள் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து, ரயில்வே சம்பளத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. தெலுங்கு பேசினாலும் தமிழ் பேசினாலும் அந்த வீடுகளில் ‘நல்ல உத்தியோகம்’ என்றால் ரயில்வே உத்தியோகம்தான். அந்த ஆசையில் தவறில்லை. ஆசைப்படுகிற பிள்ளைக்குத் தவறான வழியைக் காட்டுவதுதான் தவறு.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சாசனத்தின் 16ஆம் பிரிவு, அரசு வேலையில் பிறந்த இடத்தையோ வசிக்கும் இடத்தையோ காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. மாநில வேலைகளுக்கு வசிப்பிட நிபந்தனை விதிக்க நாடாளுமன்றம் நினைத்தால் மட்டுமே முடியும். ரயில்வே மத்திய அரசின் துறை. அதன் வேலைக்குப் பாட்னாவில் இருப்பவரும் பாகாலாவில் இருப்பவரும் ஒரே தேர்வைத்தான் எழுத வேண்டும். பொது மேலாளர் விசாகப்பட்டினத்தில் உட்கார்ந்தாலும் செகந்திராபாத்தில் உட்கார்ந்தாலும் இதில் ஒரு வரிகூட மாறாது.

அப்படியானால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஆந்திரத்தில் மாநில அரசு வேலைகளுக்கு உள்ளூர் ஒதுக்கீடு உண்மையாகவே இருக்கிறது. 1973இல் அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட 371-டி பிரிவும், அதன் கீழ் 1975இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையும் மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்தன. மாவட்ட அளவிலான கிளார்க் போன்ற பணிகளில் 80 சதவீதமும், மண்டல அளவிலான பல பணிகளில் 70 சதவீதமும் உள்ளூர் விண்ணப்பதாரர்களுக்கு என்று அந்த ஆணை வைத்தது. ராயலசீமா நான்காவது மண்டலம். ஆசிரியர் வேலைக்கும் வருவாய்த்துறை வேலைக்கும் இந்தக் கணக்கைப் பார்த்தே வளர்ந்தவர்கள், ரயில்வே மண்டலத்துக்கும் அதே கணக்கைப் போட்டுவிட்டார்கள். மாநில அரசின் ஆளெடுப்புக்காக வந்த ஆணை அது. ரயில்வேயை அது தொடவே இல்லை.

சட்டத்தை விட்டுவிட்டு வரலாற்றைப் பார்த்தாலும் கதை இதேதான். மண்டலம் மாறுவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1951இல் தெற்கு ரயில்வே உருவானபோது தென்னிந்திய ரயில்வே என்ற பெயர் போனது. 1977 அக்டோபர் 2 அன்று குண்டக்கல் கோட்டம் தெற்கு ரயில்வேயிலிருந்து தெற்கு மத்திய ரயில்வேக்குப் போனது. ஊழியர்கள் யாருக்குக் கோப்பு அனுப்ப வேண்டும் என்பது மாறியதே தவிர, அந்த மாற்றத்துக்காக ஊர் ஊராக ஆளெடுப்பு நடக்கவில்லை.

இன்னும் பெரிய சான்று 2002, 2003ஆம் ஆண்டுகளில் இருக்கிறது. அப்போது ஒன்றல்ல, ஏழு புதிய மண்டலங்கள் ஒரே வீச்சில் வந்தன. ஹாஜிபூர், ஜெய்ப்பூர் தலைமையகங்கள் 2002 அக்டோபரில். ஹூப்ளி, புவனேஸ்வர், அலகாபாத், பிலாஸ்பூர், ஜபல்பூர் 2003 ஏப்ரலில். மண்டலம் கூடினால் வேலை கூடும் என்றால், அந்த ஆண்டுகளில் ரயில்வே ஊழியர் எண்ணிக்கை ஏறியிருக்க வேண்டும் அல்லவா? 2000-01இல் சுமார் 15.45 லட்சமாக இருந்த ஊழியர் எண்ணிக்கை, 2006-07இல் 14 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. ஏழு மண்டலங்கள் பிறந்த காலத்தில் ஒன்றரை லட்சம் பேர் குறைந்தார்கள். புதிய தலைமையக நாற்காலிகளில் பெரும்பாலும் பழைய மண்டலங்களிலிருந்து விருப்பம் கேட்டு மாற்றப்பட்டவர்களே உட்கார்ந்தார்கள். இந்த ஒரு கணக்கைப் பார்த்த பிறகும் “மண்டலம் வந்தால் வேலை” என்று மேடையில் பேசுகிறவர், கேட்கிறவர்களின் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படாதவர்.

தென் கடலோர மண்டலத்தின் நடையையும் பாருங்கள். அறிவிப்பு 2019 பிப்ரவரி 27. தலைமையகத்துக்கு அடிக்கல் நாட்டியது 2025 ஜனவரி 8. எல்லை திருத்தங்களுடன் மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2025 பிப்ரவரி. அறிவிப்புக்கும் அடிக்கல்லுக்கும் இடையில் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. ரயில் டிரைவராக நினைக்கிற பொதுப்பிரிவு இளைஞர் ஒருவருக்கு, 2025இல் வந்த உதவி லோகோ பைலட் அறிவிக்கையில் வயது வரம்பு 30. 2019இல் 25 வயதில் காத்திருக்கத் தொடங்கியவர் இன்று அந்த வரம்பைத் தாண்டிவிட்டார். வதந்தி அவரிடமிருந்து பறித்தது திரும்ப வராது. அவருக்கு அப்படிச் சொன்ன பெரியவர்களுக்கு இது உறைக்க வேண்டும்.

உள்ளூர்க்காரருக்கே ரயில்வே வேலை என்ற கோரிக்கை பாகாலாவில் பிறந்ததும் அல்ல. 2003 நவம்பரில் அசாமில் ரயில்வே குரூப் டி தேர்வு எழுத வந்த பீகார் இளைஞர்களைத் தடுத்ததில் தொடங்கிய கலவரம் பல உயிர்களைக் குடித்தது. 2008 அக்டோபரில் மும்பையில் தேர்வு எழுத வந்த வட இந்தியர்கள் அடிக்கப்பட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ரயில்வே உள்ளூர் ஒதுக்கீடு தரவில்லை. தந்தது வேறு: வினாத்தாளை மாநில மொழிகளிலும் கொடுத்தது, தேர்வு வாரியங்கள் ஒரே நேரத்தில் தேர்வு நடத்தும் முறையைக் கொண்டுவந்தது. ஒருவர் ஓர் அறிவிக்கைக்கு ஒரு வாரியத்தில் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்பதால், ஊர் ஊராகப் போய்த் தேர்வு எழுதுவது நின்றது. பாகாலா இளைஞர் செகந்திராபாத் வாரியத்தைத் தேர்ந்தெடுக்கலாம், சென்னையையும் தேர்ந்தெடுக்கலாம். எந்த வாரியத்தில் எத்தனை இடம், முந்தைய முறை கட்-ஆஃப் என்ன என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்தான் புத்தி வேண்டும். அதைச் செய்யாமல் விசாகப்பட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது வீண்.

போட்டி எவ்வளவு கடுமை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018இல் குரூப் டி என்று மக்கள் சொல்லும் முதல் நிலைப் பணியிடங்கள் 62,907. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 1.89 கோடி. 2025 தொடக்கத்தில் 32,438 இடங்களுக்கு ஒரு கோடிக்கும் மேல். ஓர் இடத்துக்கு முந்நூறு பேர்.

அந்த முந்நூறில் தோற்ற 299 பேரின் வேதனையில்தான் அடுத்த பொய் குடியேறுகிறது: “ஆள் பிடித்தால் வேலை.” 2022 ஜூன், ஜூலை மாதங்களில் புது டெல்லி ரயில் நிலையத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 இளைஞர்கள் தினமும் எட்டு மணி நேரம் பிளாட்பாரத்தில் நின்று, வருகிற போகிற ரயில்களையும் அவற்றின் பெட்டிகளையும் எண்ணினார்கள். டிக்கெட் பரிசோதகர், கிளார்க் வேலைகளுக்கான பயிற்சி என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. பெரும்பாலோர் பொறியியலோ தொழில்நுட்பமோ படித்தவர்கள். டெல்லி போலீசில் கொடுக்கப்பட்ட புகாரின்படி ஒவ்வொருவரும் 2 லட்சத்திலிருந்து 24 லட்சம் வரை கட்டியிருந்தார்கள். மொத்தம் 2.67 கோடி ரூபாய். கையில் கொடுக்கப்பட்ட பணி ஆணைகள் போலி. படித்த பிள்ளைகள் எப்படி ஏமாந்தார்கள் என்று வியக்கிறவர்கள், “நேர்வழியில் போனால் கிடைக்காது” என்று அந்தப் பிள்ளைகளின் காதில் சிறு வயதிலிருந்து ஓதியது யார் என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். கணினித் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை ஆகிய படிகளைத் தாண்டாமல் நேரடியாகப் பயிற்சிக்கு அழைக்கிற ஆளெடுப்பு ரயில்வேயில் பொதுப்போட்டிக்குக் கிடையாது. அந்த அழைப்பு வந்தால் போக வேண்டிய இடம் போலீஸ் ஸ்டேஷன்.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

ரயில்வே ஆளெடுப்பதையே நிறுத்திவிட்டது என்கிறார்கள். நிறுத்தவில்லை. அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு: 2004 முதல் 2014 வரை 4.11 லட்சம் பேர், 2014 முதல் 2024 வரை 5.02 லட்சம் பேர். இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1990-91இல் 16.5 லட்சமாக இருந்த ஊழியர் படை இன்று 12 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. 2023 ஜூனில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த பதிலில் குரூப் சி பணிகளில் மட்டும் 2.74 லட்சம் இடங்கள் காலி என்றும், அதில் 1.7 லட்சத்துக்கு மேல் பாதுகாப்பு சார்ந்தவை என்றும் தெரிந்தது. 2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தில் காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானது. 5,696 என்று அறிவித்திருந்த உதவி லோகோ பைலட் இடங்கள் மறுநாளே 18,799 ஆக்கப்பட்டன. இடங்கள் முன்பே காலியாகத்தான் கிடந்தன. நிரப்புவதற்கு விபத்துக்காகக் காத்திருந்தது மன்னிக்க முடியாத தாமதம்.

அப்பா ஓய்வுபெற்றால் பிள்ளைக்கு வேலை? அந்தக் காலம் முடிந்தது. டிராக்மேன் போன்றவர்கள் முன்கூட்டியே ஓய்வுபெற்றுப் பிள்ளைக்கு வேலை வாங்கித் தரும் லார்ஸ்கெஸ் திட்டத்தைப் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2016இல் கண்டித்தது. 2018 செப்டம்பரில் ரயில்வே அதை மூடிவிட்டது. பணியில் இருக்கும்போது இறந்தவர், மருத்துவக் காரணத்தால் பணியிழந்தவர் ஆகியோரின் குடும்பத்துக்குத் தரப்படும் கருணை நியமனம் மட்டுமே மீதம்.

இந்தி தெரியாமல் எழுத முடியாது என்பதும் தவறு. தேர்வு 15 மொழிகளில் நடக்கிறது. தமிழும் தெலுங்கும் அதில் உண்டு.

இனி, யாரும் பேசாத ஒரு வாசல். வசிப்பிடம் உண்மையாகவே கணக்கில் வந்த இடம் ஒன்று ரயில்வேயில் இருக்கிறது: அப்பரண்டிஸ் பயிற்சி. தெற்கு மத்திய ரயில்வேயும் தெற்கு ரயில்வேயும் தங்கள் எல்லைக்குள் வசிப்பவர்களிடமிருந்தே இதற்கு விண்ணப்பம் கேட்டு வந்திருக்கின்றன. தெற்கு ரயில்வேயின் பட்டியலில் தமிழ்நாட்டுடன் ஆந்திரத்தின் நெல்லூர், சித்தூர் மாவட்டங்களும் இடம்பெற்றிருக்கின்றன. பத்தாம் வகுப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் ஐ.டி.ஐ. சான்றிதழும் போதும். தேர்வு கிடையாது, மதிப்பெண் சராசரியில் பட்டியல் போடுகிறார்கள். வயது 15 முதல் 24 வரை. பாகாலாவிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் திருப்பதி ரயில் பெட்டிப் பழுதுபார்ப்புப் பணிமனை இருக்கிறது.

பயிற்சி முடித்தால் வேலை உறுதி என்று இங்கேயும் ஒரு கதை கட்டப்படுகிறது. உறுதி இல்லை. 1961ஆம் ஆண்டின் அப்பரண்டிஸ் சட்டம் வேலை கொடுக்கும்படி நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் முதல் நிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ரயில்வேயில் அப்பரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அவர்களும் தேர்வு எழுதத்தான் வேண்டும். எழுதும்போது ஒரு கோடிப் பேரோடு மோதாமல், பயிற்சி முடித்த சிலரோடு மட்டும் போட்டியிடுகிறார்கள். ஊர்ப்பிள்ளைக்கு முன்னுரிமை வேண்டும் என்று கொடி பிடிக்கிறவர்கள் இந்த வாசலைப் பற்றி ஒரு துண்டறிக்கைகூட அச்சடிப்பதில்லை. பி.டெக். இல்லாவிட்டால் மானம் போய்விடும் என்று நினைக்கிற பெற்றோர் ஐ.டி.ஐ. பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், வெல்டர் தொழில் கற்றவருக்கு ரயில்வே கிடைக்காவிட்டாலும் கையில் தொழில் மிஞ்சும்.

திருப்பதி, சித்தூர் மாவட்டப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் ஐ.டி.ஐ. முதல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த அப்பரண்டிஸ் அறிவிக்கை வரும்போது அதை அச்செடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். கடைசித் தேதியை வகுப்பில் வாசித்துச் சொல்லுங்கள். ரயில்வே தேர்வு வாரியத்தின் தேர்வுக்கான கட்டணம் பொதுப்பிரிவு ஆண்களுக்கு 500 ரூபாய்தான், முதல் கட்டத் தேர்வு எழுதினால் அதிலும் 400 ரூபாய் திரும்பி வரும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் 250 ரூபாய், அது வங்கிக் கட்டணம் போகத் திரும்பக் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கிறவர் ரயில்வேக்காரர் அல்ல.