பற்றாசும் அதனைக் கழுவும் நீர்மமும்

இரண்டு உலோகத் துண்டுகளைப் பிணித்தற்கு இடையில் உருக்கியிடும் பொருளைப் பற்றாசு என்பர். நேரிசை வெண்பாவில் இரு குறளை இணைத்தற்கு இடையே கூட்டும் அசைகளை ஆசு என்று யாப்பு நூலார் வழங்கியதும் இதுபற்றியே. ஆசு என்பதற்குக் குற்றம் என்றும் பொருளுண்டு. மின்சுற்றுப் பலகையில் இவ்விரு பொருளும் ஒருங்கே நிற்கக் காண்கின்றோம்.

செம்பின் மேலுள்ள களிம்பை அகற்றினாலன்றிப் பற்றாசு பற்றாது. களிம்பை அகற்றுவது இளக்கி. பைன் மரப் பிசினோடு சில உப்புகளும் அமிலங்களும் கலந்தது. வேலை முடிந்தபின் இது பலகையிலேயே தங்கிவிடும். பிசினால் பெருந்தீங்கு இல்லை, உப்பே பகை. ஐப்பசி, கார்த்திகையில் எம் உத்திரமேரூர் வட்டத்து ஏரிகள் நிரம்பிக் காற்றில் ஈரம் மிகுங்கால், கழனிக் கிணற்று மோட்டாரை இயக்கும் பெட்டியிலுள்ள பலகையில் அவ்வுப்பு ஈரத்தை ஈர்த்துக் கரைந்து, மின்சாரத்துக்குப் புறவழி திறந்துவிடும். நாளடைவில் உலோகமே மயிரிழைபோற் கிளைத்து வளர்ந்து, தொடலாகாத இரு தடங்களைத் தொடுவித்துவிடும்.

இதனைக் கழுவுதற்குப் பழுது பார்ப்போருட் சிலர் பெட்ரோலை எடுப்பர். பலகை பளபளக்கும், அப்பளபளப்பே ஏமாற்று. பெட்ரோல் பிசினை ஓரளவு கரைக்குமேயன்றி உப்பைக் கரையாது. பிசினுள் அடங்கிக் கிடந்த உப்பு வெளிப்பட்டு நிற்கும். தின்னரும் அசிட்டோனும் பிளாஸ்டிக் உறுப்புகளையே உருக்குவன. சிறிது நீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்ககால் பிசினையும் கரைக்கும், உப்பையும் ஓரளவு கொண்டுபோகும். ஆதலின் சிறு கடைக்கு அதுவே தக்கதென்போம். நீரிற் கரையும் இளக்கியாயின் உப்பு நீக்கிய தூய நீரே போதும். கழுவ வேண்டாத இளக்கி என்றும் ஒன்றுண்டு. அதனை அரைகுறையாகக் கழுவுதலினும் கழுவாது விடுதல் நன்று. எதனாற் கழுவினும், கரைந்த அழுக்கு உலருமுன் புதிய நீர்மத்தால் அலசி ஒற்றியெடுத்தல் வேண்டும். இன்றேல் அழுக்கு இடம் பெயர்ந்ததேயன்றி நீங்கியதாகாது. ஆல்ககாலின் ஆவி 12 பாகை செல்சியசிலேயே தீப்பற்றவல்லது. எம்மூர்க் கோடையில் அடுப்பும் சூட்டுக்கோலும் அதன் அருகே ஆகா.

தொழிற்சாலைகள் ஒருகாலத்து விரும்பியது சி.எஃப்.சி.-113. அது தீப்பற்றாது, பிளாஸ்டிக்கையும் வருத்தாது. ஓசோன் படலத்தைக் கெடுத்தமையால் 1987ஆம் ஆண்டின் மான்றியால் உடன்படிக்கை அதனைக் கட்டுப்படுத்திற்று.

பலகைக்கு இனியது கைக்கு இனியதாதல் ஒருதலையன்று. சீனத்துச் சூச்சோ நகரில் தொடுதிரை செய்யும் ஆலை ஒன்றில், ஆல்ககாலினும் விரைந்து உலர்வதென்று ஹெக்சேனைக் கொண்டு திரை துடைத்தனர். 2009இல் அங்குத் தொழிலாளர் பலர் கைகால் மரத்து நடை தளர்ந்தனர். 137 பேர் தீங்குற்றதை ஆப்பிள் நிறுவனம் 2011இல் ஒப்புக்கொண்டது. ஹெக்சேன் பெட்ரோலிலும் உள்ளது.

எம் வட்டத்து இளைஞரும் பெண்களும் திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு நாள்தோறும் பேருந்தேறிச் செல்கின்றனர். தாம் தொடும் நீர்மம் இன்னதென அவர்கள் அறிதற்கு, கலத்தின்மேல் அதன் பெயரும் தீங்கும் தமிழிலும் எழுதப்படல் வேண்டும் என்பது எம் கருத்து.