மஞ்சள் சட்டை அணியாத மாவீரர்

(இரண்டாம் ஆண்டு இளமறிவியல், இயற்பியல்)

முன்னுரை

முதலிடம் பெற்றவரையே உலகம் நினைவில் வைத்திருக்கும் என்பது பலரது எண்ணம். தேர்வு முடிவுப் பட்டியலில் உச்சியிலுள்ள பெயரைப் படித்துவிட்டுத் திரும்பிவிடுவதே நம் வழக்கம். அடுத்த வரியைப் பார்ப்பவர் சிலரே. அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியவர் பிரெஞ்சு நாட்டுச் சைக்கிள் வீரர் ரேமோன் பூலிதோர்.

‘டூர் தி பிரான்ஸ்’ 1903இல் தொடங்கிய சைக்கிள் பந்தயம். ஏறத்தாழ மூன்று வாரங்கள் மலையும் சமவெளியும் கடந்து நடைபெறும். ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி, மொத்தத்தில் குறைந்த நேரம் பெற்றவரே வெற்றியாளர். அன்றன்று முன்னணியில் இருப்பவர் மஞ்சள் சட்டை அணிவார். பதினான்கு முறை இப்பந்தயத்தில் கலந்துகொண்ட பூலிதோர், அச்சட்டையை ஒரு நாள்கூட அணிந்ததில்லை!

இளமை

1936 ஏப்ரல் 15 அன்று, நடுப் பிரான்சின் கிரூஸ் பகுதியில், பிறர் நிலத்தில் பாடுபட்ட குடும்பத்தில் பிறந்தார். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு வயலில் இறங்கினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தந்தையும் பிறர் நிலத்தில் ஏர் பிடிப்பவரே. எனவே இந்தச் செய்தியை என்னால் எளிதில் கடந்து செல்ல இயலவில்லை.

1960இல் ‘மெர்சியர்’ குழுவில் தொழில்முறை வீரராகச் சேர்ந்தவர், 1977இல் ஓய்வு பெறும்வரை குழு மாறவில்லை. 1961இல் மிலான்–சான்ரெமோ, 1964இல் ஸ்பெயின் நாட்டுச் சுற்றுப் பந்தயம் ஆகியவற்றில் வென்றார். ஆகவே அவர் வெற்றியே அறியாதவர் அல்லர்.

1964ஆம் ஆண்டுப் போட்டி

அக்காலத்தில் அவருக்கு எதிர் நின்றவர் நார்மண்டியைச் சேர்ந்த ஜாக் ஆங்கெதீல். மொனாக்கோ நகரில் முடிந்த கட்டத்தில், இன்னும் ஒரு சுற்று மிச்சமிருப்பதை உணராமல் பூலிதோர் முன்னதாகவே தம் முழு வேகத்தையும் செலவிட்டுவிட்டார். கட்டத்தை வென்ற ஆங்கெதீலுக்கு ஒரு நிமிடம் சலுகை நேரமாகக் கிடைத்தது.

ஜூலை 12 அன்று ‘புய் த டோம்’ என்னும் அணைந்த எரிமலையின் ஏற்றத்தில் இருவரும் தோளோடு தோள் உரச ஏறினர். உச்சிக்குச் சற்று முன்னர் ஆங்கெதீல் தளர்ந்தார். பூலிதோர் 42 வினாடிகள் மீட்டார். ஆயினும் 14 வினாடிகள் பின்தங்கியே இருந்தார். ஜூலை 14 அன்று, வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் தனித்தனியே ஓட்டும் நேரப் பந்தயம். அதில் வென்று ஆங்கெதீல் ஐந்தாம் முறையாக வாகை சூடினார். இறுதி வித்தியாசம் 55 வினாடிகள். மொனாக்கோவின் ஒரு நிமிடத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

இயற்பியல் கூறுவது

மலையில் ஒருவரும் சமவெளியில் மற்றவரும் ஓங்கியது ஏன்? காற்றின் தடைவிசை வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் அமையும். அதை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு நேர் விகிதத்தில் உயரும். வேகம் இரு மடங்கானால் அத்திறன் எட்டு மடங்காக வேண்டும். எனவே சமவெளியில் தனித்து ஓட்டும்போது, முதுகைத் தாழ்த்திக் காற்றுக்குக் குறைந்த பரப்பைக் காட்டுபவருக்கு ஆதாயம் உண்டு. ஆங்கெதீல் அதில் கைதேர்ந்தவர். செங்குத்தான ஏற்றத்திலோ வேகம் குறைவதால் காற்றுத் தடையும் குறைகிறது. ஆற்றலின் பெரும்பகுதி புவியீர்ப்பை எதிர்த்தே செலவாகிறது. அங்கே உடல் எடைக்கேற்ற திறனே முடிவு செய்கிறது. ஒரே பந்தயத்தில் இருவேறு ஆற்றல்கள் அளக்கப்பட்டன என்பதே இதன் பொருள்.

தளராத முதுமை

ஆங்கெதீல் 1969இல் ஓய்வு பெற்றார். பூலிதோர் நிற்கவில்லை. 1973இல் தொடக்க நாள் பந்தயத்தில் ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் மஞ்சள் சட்டையை இழந்தார். 1974இல், 38 வயதில், பெல்ஜியத்தின் எடி மெர்க்சுக்கு அடுத்து இரண்டாமிடம். 1976இல், நாற்பது வயதில், மூன்றாமிடம்! மொத்தம் மூன்று முறை இரண்டாமிடம், ஐந்து முறை மூன்றாமிடம்.

முடிவுரை

வென்றவர் ஆங்கெதீல், ஆனால் சாலையோர மக்கள் ‘பூப்பூ’ என்று செல்லப் பெயரிட்டு வாழ்த்தியது பூலிதோரையே. உழவர் மகனொருவன் ஆண்டுதோறும் மீண்டும் வந்து நிற்பதில் அவர்கள் தங்கள் வாழ்வைக் கண்டனர் எனலாம். 2019இல் தம் 83ஆம் வயதில் அவர் மறைந்தார். 2021இல் அவருடைய மகள்வழிப் பேரன் மத்தியூ வான் டெர் பூல் அதே பந்தயத்தில் மஞ்சள் சட்டை அணிந்தார். பாட்டனாருக்குக் கிட்டாதது பேரனுக்குக் கிட்டியது.

மாணவ நண்பர்களே! முதலிடத்துக்கு முயல்வோம், அது நம் கடமை. கிட்டாதபோது அடுத்த ஆண்டும் தொடக்கக் கோட்டில் வந்து நிற்போம். பட்டியலின் இரண்டாம் வரியிலும், இருபதாம் வரியிலும், ஒரு வீட்டின் முதல் பட்டதாரி இருக்கக்கூடும் அன்றோ?