தனிக்கிளைத் தொலைபேசி நிலையங்களை ஒரே வலையாக இணைத்தல்

ஓர் அலுவலகத்தினுள் உள்ள தொலைபேசிகளைத் தம்முள் இணைத்து வைக்கும் பொறியமைப்புத் தனிக்கிளை நிலையம் எனப்படும். வழக்கில் இதனைப் பி.பி.எக்ஸ். என்பர். ஒரே நிறுவனத்திற்குப் பல ஊர்களில் அலுவலகங்கள் இருப்பின், அவற்றின் நிலையங்களை நேர்த்தடங்களால் பிணைத்துத் தனி வலை அமைக்கலாம். இந்திய இரயில்வே நெடுங்காலமாகத் தனக்கென ஒரு தொலைபேசி வலையைப் பேணி வருகிறது. வண்டிகளின் பாதுகாப்பைப் பற்றிய செய்தி பொது அழைப்புகளின் நெரிசலில் சிக்கித் தாமதமுறலாகாது என்பது வெளிப்படை.

வலையின் வடிவம்

ஆறு நிலையங்களை ஒன்றோடொன்று நேரே இணைக்க 15 தடத்தொகுதிகள் தேவை. நடுவில் ஒன்றைத் தலைமை நிலையமாகக் கொண்டு, ஏனையவற்றை அதனுடன் மட்டும் இணைப்பின் 5 போதும். ஆயின், தலைமை நிலையம் பழுதுறின் ஏனைய ஐந்தும் ஒன்றையொன்று அழைக்க இயலாமற் போகும். எனவே, முக்கியமான இரு நிலையங்களுக்கிடையேனும் ஒரு மாற்று வழி அமைத்தல் நன்று.

தடங்களின் எண்ணிக்கை

டென்மார்க் நாட்டு அறிஞர் எர்லாங் 1917-இல் வெளியிட்ட சூத்திரம் இங்குப் பயன்படுகிறது. ஒரு தடம் ஒரு மணி நேரம் முழுதும் பேச்சில் இருப்பின், அது 1 எர்லாங் அளவாகும். நெரிசல் மிகுந்த மணியில் 27 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம் எனில், மொத்தம் 81 நிமிடம், அதாவது 1.35 எர்லாங். நூற்றுக்கு ஓர் அழைப்புக்கு மேல் தவறாதிருக்க இதற்கு 5 தடங்கள் வேண்டும். அதே தரத்தில் 10 தடங்கள் ஏறத்தாழ 4.46 எர்லாங், அதாவது 89 அழைப்புகளைத் தாங்கும். தடங்கள் இருமடங்காயின, தாங்குதிறனோ மும்மடங்கினும் மிகுந்தது. தடங்களைச் சிறு கூறுகளாகப் பிரிப்பது ஏன் வீண் என்பது இதனால் விளங்கும்.

எண்முறை

இரு அலுவலகங்களிலும் 234 என்னும் எண் இருப்பின் குழப்பம் நேரும். ஆகவே, ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு குறியெண் வகுத்து, அதனை உள்ளெண்ணுக்கு முன் சுழற்றச் செய்வர். அக்குறியெண் எந்த உள்ளெண்ணின் தொடக்கமாகவும் இருத்தல் கூடாது.

சுற்றித் திரியும் அழைப்பு

மாற்று வழிகளை ஆராயாது வகுத்தால் ஒரு விபரீதம் விளையும். ‘இ’ நிலையத்திற்குச் செல்லும் தடங்கள் அறுந்தனவெனக் கொள்வோம். ‘அ’ நிலையம் அழைப்பை ‘ஆ’ வழியாக அனுப்புகிறது. ‘ஆ’ நிலையமோ ‘அ’ வழியாகவே திருப்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மேலும் ஒரு தடம் பிடிபட்டு, ஒரே அழைப்பு எல்லாத் தடங்களையும் விழுங்கிவிடும். வந்த வழியே அழைப்பைத் திருப்பலாகாது என்னும் விதியையும், கடந்த நிலையங்களைக் கணக்கிட்டு நிறுத்தும் ஏற்பாட்டையும் அமைப்பதே இதற்குப் பரிகாரம்.

களப்பணியாளர், வலை அமைந்தபின் நெரிசலற்ற வேளையில் ஒவ்வொரு தொகுதியையும் துண்டித்து, அழைப்பு மாற்று வழியே சேர்கிறதா எனச் சோதிப்பாராக. சோதிக்கப்படாத மாற்று வழி, ஆபத்து வேளையில் இல்லாததற்குச் சமம்.

பயிற்சி: எட்டு நிலையங்களை ஒன்றோடொன்று நேரே இணைக்க எத்தனை தடத்தொகுதிகள் வேண்டும்? தலைமை நிலைய முறையில் எத்தனை? (விடை: 28, 7.)