அசோகாவிலும்தான் பயறு இருக்கிறது

திருவையாற்று அசோகாவை வீட்டில் கிளறியவர்களுக்கு அளவு தெரியும். ஒரு பங்கு பயத்தம்பருப்புக்கு இரண்டு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு நெய், நிறம் கட்ட வறுத்த கோதுமை மாவு கொஞ்சம். நூறு கிராம் பயத்தம்பருப்பில் 24 கிராம் புரதம் உண்டு. அதற்காக அசோகாவைப் புரதப் பண்டம் என்று யாராவது சொன்னால் தஞ்சாவூரில் ஒருவரும் ஒப்ப மாட்டார்கள். அது இனிப்பு. கல்யாணப் பந்தியில் இலை ஓரத்தில் ஒரு கரண்டி, அவ்வளவுதான் அதற்கு இடம்.

அதே ஊரில், ஜிம்மை விட்டு வெளியே வரும் பையன் சாக்லேட் பிரவுனி படம் போட்ட புரோட்டீன் பாரைப் பிரிக்கும்போது இனிப்பு சாப்பிடுவதாக நினைப்பதில்லை. பால்கோவா, குலாப் ஜாமூன் சுவையில் புரோட்டீன் பவுடர் வாங்குபவரும் அப்படித்தான். வீட்டில் அம்மாவும் 'தின்பண்டமும் ஆச்சு, சத்தும் ஆச்சு' என்று நிம்மதி அடைகிறார். பள்ளிக்கூடப் பைக்குள்ளும் அது போகத் தொடங்கிவிட்டது. அதனால்தான் இந்த வாரம் இதை எடுத்துக்கொண்டேன்.

எல்லாப் பண்டத்தையும் ஒரே தராசில் நிறுக்க எளிய வழி ஒன்று உண்டு. பொட்டலத்தில் போட்டிருக்கும் கலோரியைப் புரதத்தின் கிராமால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிராம் புரதம் கிடைக்க எத்தனை கலோரி உள்ளே போகிறது என்று தெரிந்துவிடும். வெறும் புரதத்துக்கே 4 கலோரி. அதற்குக் கீழே எதுவும் இறங்காது. அவித்த முட்டைக்கு 12 அல்லது 13 வரும். பச்சைப்பயறு 15க்குப் பக்கம். பால் 20. வேர்க்கடலை 23. கடலை மிட்டாய் 35. அரிசி 45. மேலே சொன்ன அளவில் கிளறிய அசோகா 80.

பார்களில் இரண்டு மூன்று ரகம் இருக்கிறது. 60, 65 கிராம் எடையில் 20 கிராம் புரதம் வைத்திருப்பவை இந்தக் கணக்கில் முட்டைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 10 கிராம் வைத்திருப்பவை பாலோடு சேரும். 'புரோட்டீன்' என்று பெரிதாக எழுதிவிட்டு 5, 6 கிராம் மட்டும் தரும் தானிய பார்கள் 30ஐத் தாண்டி, கடலை மிட்டாயின் பக்கம் போய்விடும். ஆகவே 'பார் என்றாலே ஏமாற்று' என்பதும் தவறான நம்பிக்கைதான். வகுத்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

நம்பிக்கை: 'ஹை புரோட்டீன்' என்று அச்சிட்டிருந்தால் அதில் பெரும்பகுதி புரதம்.

இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகளின்படி, ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்பட்ட புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கு நூறு கிராம் பண்டத்தில் இருந்தாலே திடப்பொருளுக்கு அந்தச் சொல்லைப் போடலாம். ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் என்பது 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு தந்த கணக்கு. ஐந்தில் ஒரு பங்கு என்றால் 11 கிராம்கூட இல்லை. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் மூன்று பங்கு கடலை, மீதி வெல்லம் என்று வைத்தால் நூறு கிராமில் 14 கிராம் புரதம் தேறும். சட்டப்படி அதன் மேலும் 'ஹை புரோட்டீன்' என்று அச்சிட முடியும். சொல் உண்மைதான், நாம் அதற்குக் கொடுக்கும் பொருள்தான் பெரிதாகிவிடுகிறது.

நம்பிக்கை: 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று போட்டிருக்கிறது, சுகர் உள்ளவர்களும் சாப்பிடலாம்.

இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். பொட்டலத்தைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எடையில் அதிகமுள்ளது முதலில், குறைந்தது கடைசியில் என்று இறங்கு வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களில் பண்டம் பெரும்பாலும் அடங்கிவிடும். சர்க்கரை போட்ட பண்டத்தில் சர்க்கரைப் பாகு, திரவ குளுக்கோஸ், மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்று பிரித்துப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிப் புரதம் மேலே வந்துவிடும். மூன்றையும் மனத்துக்குள் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை போடாத பாரில் இனிப்பு வேறு வழியில் வருகிறது. பேரீச்சம்பழ விழுது ஒன்று. பேரீச்சையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். நார்ச்சத்தும் உண்டு, ஆனால் அதை விழுதாக்கி அடைத்த பிறகு ஒரே கடியில் எத்தனை பழம் போகிறது என்று நாக்குக்குத் தெரிவதில்லை. இன்னொன்று மால்ட்டிட்டால். பட்டியலில் 965 என்ற எண்ணாக நிற்கும். சர்க்கரைக்குக் கிராமுக்கு 4 கலோரி, இதற்கு 2க்குச் சற்று மேல். பொட்டலத்தில் சர்க்கரை என்ற வரியில் இது சேராது. ஆனாலும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், குறைவாக ஏற்றும், அதுதான் வித்தியாசம். செரிக்காத மீதி பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களால் புளிக்கிறது. வயிறு உப்பி, கடமுடவென்று சத்தம் போட்டு, சிலருக்குப் பேதியும் ஆவது இதனால்தான். 'புரோட்டீன் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்பவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது புரதமாக இல்லாமல் இந்த இனிப்பாக இருக்கலாம். 422 என்பது கிளிசரால். பார் கல்லாகாமல் மெத்தென்று இருக்க அதுதான் காரணம், அதற்கும் சர்க்கரை அளவுக்குக் கலோரி உண்டு. 955 சுக்ரலோஸ், கலோரி இல்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்த சுக்ரலோஸ் போன்ற இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது.

அப்புறம் அந்த பிரவுனி. பிரவுனி உள்ளே இல்லை, அதன் வாசனைதான் இருக்கிறது; வாசனை சேர்த்ததைப் பொட்டலத்தில் சொல்லியாக வேண்டும், சிறிய எழுத்தில் சொல்லியும் இருப்பார்கள். மேலே பூசியிருப்பதும் பல பார்களில் கோக்கோ வெண்ணெயில் செய்த சாக்லேட் கிடையாது, எண்ணெய்ப் பனைக் கொட்டைக் கொழுப்பில் கோக்கோ தூள் கலந்த பூச்சு. நிறைவுற்ற கொழுப்பு என்ற வரி எகிறுவது அதனால்.

இத்தனையும் ஆங்கிலத்தில் இருக்கிறது. கட்டாய விவரங்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிட்டால் சட்டத்துக்குப் போதும். ஒரத்தநாட்டிலும் பேராவூரணியிலும் பிள்ளைக்கு வாங்கித் தரும் அம்மா படிக்கத் தெரிந்தவர். அவர் படிக்கும் மொழியில்தான் அது இல்லை. இது எனக்குப் பொறுக்கவே இல்லை. தமிழ்நாட்டில் விற்கும் உணவுப் பொட்டலத்தில் சேர்மானமும் சத்து அட்டவணையும் தமிழில் இருக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

நம்பிக்கை: 20 கிராம் என்று போட்டால் 20 கிராம் இருக்கும்.

பெரும்பாலும் சோதனைக்கூடம் அளப்பது நைட்ரஜனை, அதை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்கிறார்கள். நைட்ரஜன் உள்ள மலிவான பொருளைக் கலந்தாலும் கணக்கு ஏறும். கேரளத்தின் கல்லீரல் மருத்துவர் சிரியக் அபி பிலிப்ஸ் குழு இந்தியச் சந்தையிலிருந்த 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து 2024இல் வெளியிட்டது. பத்தில் ஏழில் புரத அளவு தவறாக அச்சிடப்பட்டிருந்தது. அது பவுடர், பார் இல்லை. ஆனால் பாருக்குள் போவதும் அதே வகை மூலப்பொருள்தான். பட்டியலில் கொலாஜன் என்றிருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். டிரிப்டோபான் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அதில் இல்லை. அதை மட்டும் நம்பித் தசை வளர்க்க முடியாது.

நம்பிக்கை: நம்ம ஊர்ச் சாப்பாட்டில் புரதமே கிடையாது.

பாதி உண்மை. அந்தப் பாதியை மறைக்கக் கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது பரிந்துரை. 60 கிலோ இளைஞனுக்கு 50 கிராம். மூன்று வேளையும் சோறும் இட்லியுமாக 300 கிராம் அரிசி உள்ளே போனால் 24 கிராம் அரிசியிலேயே வந்துவிடும். ஆனால் அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு அந்தக் குறையை நிரப்பும், பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி நிரப்பும். வெண்பொங்கலும் இட்லியும் சரியான சேர்க்கையாவது அப்படித்தான். சிக்கல் அளவில் இருக்கிறது. நம் வீடுகளில் தண்ணீராக ஓடும் சாம்பாரில் ஆளுக்கு 20 கிராம் பருப்பு இருந்தால் பெரிது. பயத்தம்பருப்பில் செய்யும் கும்பகோணம் கடப்பா வாரத்தில் ஒரு நாள்தான்.

இந்தக் குறை காவிரி டெல்டாவில் இருப்பதுதான் என்னை உறுத்துகிறது. தை மாதத்தில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், ஈரம் காயாத வயலில், நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளிக்கும் ஊர் இது. ஆடுதுறை 3 உளுந்து இந்த நெல் தரிசு நிலத்துக்கென்றே வந்த ரகம். தனியாகத் தண்ணீர் பாய்ச்சாமல், பனியிலும் மிச்ச ஈரத்திலும் விளைகிறது. அறுவடை இயந்திரத்தின் சக்கரம் முளையை நசுக்குவதால் தெளிப்பதை விட்டவர்களும் இருக்கிறார்கள். விளைந்தது மூட்டையாக மண்டிக்குப் போகிறது. விளைவித்த வீட்டின் தட்டில் அது வந்து சேர்வது மிகக் குறைவு.

இதைச் சொன்னதும் இன்னொரு நம்பிக்கை கிளம்பும்: 'அந்தக் காலத்துப் பொருவிளங்காய் உருண்டைதான் அசல் புரோட்டீன் பார்.' எனக்கும் அந்த உருண்டை பிடிக்கும். வறுத்த அரிசி, பயறு, கோதுமை, கடலை, சுக்கு, கெட்டி வெல்லப்பாகு. கடிக்கக் கல் மாதிரி, மாதக்கணக்கில் கெடாது. ஆனால் கணக்குப் போட்டால் நூறு கிராமுக்கு 10 கிராம் புரதம், தராசில் 35. கடலை மிட்டாய்க்குப் பக்கத்தில்தான். நாளெல்லாம் நடவு நட்ட உடம்புக்கு அந்த வெல்லம் எரிபொருள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு அது இனிப்பு. பழையது என்பதற்காக அதற்குச் சலுகை தர முடியாது.

உடற்பயிற்சி செய்பவர்களுக்குத் தேவை அதிகம் என்பது உண்மை. அதற்கும் எல்லை உண்டு. கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை கூடுவதில்லை என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி சொல்கிறது. புரதப் பொடிகளைத் தவிர்க்கவும் சொல்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூடுதல் புரதம் எதையும் தொடவே கூடாது.

பார் என்ற வடிவத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. இரவுப் பணியில் இருப்பவர், மாயவரத்திலிருந்து ரயிலில் ஏறிச் சாப்பாடு கிடைக்காமல் மாட்டிக்கொண்டவர், அவர்களுக்குப் பஜ்ஜியை விட நல்ல பார் எவ்வளவோ மேல். நெல் பதப்படுத்தும் ஆய்வு மையமாகத் தொடங்கிய நிப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. டெல்டா உளுந்திலும் பயறிலும் இனிப்புக் குறைந்த, தமிழில் பெயரெழுதிய ஒரு பண்டம் இங்கிருந்தே வர வேண்டும் என்பது என் ஆசை.

இப்போதைக்கு, 20 கிராம் பார் ஒன்றின் விலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பச்சைப்பயறு வாங்கலாம். அதில் 220 கிராம் புரதம். இரவில் ஆளுக்கு ஒரு கைப்பிடி ஊறப்போட்டு, காலையில் வேகவைத்து, கடுகும் வரமிளகாயும் தாளித்து, தேங்காய் கொஞ்சம் துருவிப் போட்டால் தலைக்கு 9 கிராம் வந்துவிடும். கூட ஒரு முட்டை வைத்தால் 15. ஜிம் பைக்குள் ஒரு சிறிய டப்பாவுக்கு இடம் இருக்கும். ஏற்கெனவே ஒரு பெட்டி பார் வாங்கி வைத்திருந்தால் தூக்கி எறிய வேண்டாம், பாதியாக வெட்டி, அசோகாவுக்குக் கொடுத்த இடத்தை அதற்கும் கொடுங்கள்.